டயர் சைஸை மாத்தினா கார் வாரன்ட்டி போயிடுமா?

புது கார் வந்ததும் பலருக்கும் தோன்றும் ஆசை: 'கொஞ்சம் அகலமான டயர் போட்டா கெத்தா இருக்குமே!' சரி, வாரன்ட்டி என்னாகும்?

டயரை மாற்றியதால் ஏசிக்கான வாரன்ட்டி பொதுவாகப் போகாது. ஆனால் சஸ்பென்ஷன், வீல் பேரிங், ஸ்டீயரிங்கில் கோளாறு வந்தால் 'டயர்தான் காரணம்' என்று கிளெய்மை மறுக்க கம்பெனிக்கு வழி கிடைத்துவிடும்.

கணக்கு சிம்பிள். 185/65 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 62 செ.மீ. ரிம்மோடு சேர்த்து 195/55 ஆர்16-க்கு மாறினாலும் அதே விட்டம்தான். ஆனால் 205/65 ஆர்15 போட்டால் கிட்டத்தட்ட 65 செ.மீ. ஸ்பீடோமீட்டர் பழைய வேகத்தையே காட்டும். வண்டியோ 4 சதவீதம் கூடுதலாக ஓடும்.

பாதுகாப்பான வழி? உங்க மாடலின் டாப் வேரியன்ட்டுக்கு கம்பெனியே தரும் சைஸ் பொருந்துமா என்று ஓனர்ஸ் மேனுவலில் பாருங்க. லோட் இண்டெக்ஸ் குறையக் கூடாது. சர்வீஸ் சென்டரில் வாய்வார்த்தை போதாது, எழுதி வாங்கிடுங்க.