பூனைக்கு மருந்து கொடுப்பது எப்படி?

"என்னாங்க அக்கா, கையெல்லாம் கீறலு? தேயிலை வாது கீறிடுச்சா?"

"வாதும் இல்ல, முள்ளும் இல்ல தங்கச்சி. எல்லாம் நம்ம வீட்டுப் பூனை செஞ்ச வேல. ஏழு நாளைக்கு மாத்திரை குடுக்கச் சொன்னாரு மிருக வைத்தியரு. மூணு நாளா அதோட சண்டைதான்."

இந்த மாதிரிப் பேச்சு நமது லயங்களுக்குப் புதிதல்ல. அரிசியும் மாவும் வைத்திருக்கும் காம்பராவில் எலியை அடக்குவது பூனைதான். பிள்ளைகளுக்கும் அது செல்லம். அதற்குச் சுகமில்லை என்றால் சும்மா விட மனம் வராது. ஆனால் மருந்து கொடுக்கத் தெரியாமல் கொடுத்தால் பூனைக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து. கையில் கடி பட்டு வீங்கினால் கொழுந்து பறிக்க முடியாது; பேரும் போய்விடும்.

பனடோல் கொடுக்கவே கூடாது

பூனைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் இருக்கும் பனடோலில் பாதியை உடைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. இது பெரிய தவறு. நமது ஈரல் அந்த மருந்தைக் கழித்து வெளியேற்றும். பூனையின் ஈரலுக்கு அந்தச் சக்தி மிகவும் குறைவு. மருந்து நஞ்சாக மாறி இரத்தத்தைக் கெடுக்கும். பூனை மூச்சு விட்டாலும் உடம்புக்குப் பிராணவாயு சேராது. முரசு நீலமாகும், அல்லது மண்ணிறமாகும். முகமும் பாதமும் வீங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். தெரியாமல் கொடுத்துவிட்டால் ஒளிக்காமல் உடனே மிருக வைத்தியரிடம் சொல்லுங்கள். மாற்று மருந்து உண்டு. ஆனால் நேரம் தாழ்த்தக் கூடாது.

நாய்க்கு உண்ணி போகப் போடும் மருந்தையும் பூனைக்குப் போடாதீர்கள். சில வகை பூனைக்கு நஞ்சு.

மாத்திரை கொடுக்கும் முறை

1. முதலில் மீனில் வைத்துப் பாருங்கள். அவித்த மீனில் மூன்று சின்ன உருண்டை பிடியுங்கள். முதல் உருண்டை வெறும் மீன், இரண்டாவதில் மாத்திரை, மூன்றாவது மறுபடி வெறும் மீன். ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டென்று கொடுங்கள். மாத்திரையைப் பொடியாக்கலாமா என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாலில் கலக்காதீர்கள், சில மருந்துகள் பாலோடு சேர்ந்தால் வேலை செய்யாது.

2. அதற்கும் மசியவில்லையா? கதவைச் சாத்திவிட்டு, பழைய துவாயால் பூனையைச் சுற்றுங்கள். நான்கு காலும் உள்ளே இருக்கட்டும், தலை மட்டும் வெளியே. இறுக்கி நெரிக்கக் கூடாது.

3. ஒருவர் பிடிக்க, மற்றவர் ஒரு கையால் தலையை மேலிருந்து கன்ன எலும்போடு பிடித்து, மூக்கைச் சற்று மேலே தூக்குங்கள். மற்றக் கையின் விரலால் கீழ்த்தாடையின் முன்பக்கத்தை இறக்கி, மாத்திரையை நாக்கின் மேல், பின்பக்கமாகப் போடுங்கள்.

4. வாயை மூடித் தொண்டையைத் தடவுங்கள். பூனை மூக்கை நக்கினால் அநேகமாக விழுங்கிவிட்டது என்று அர்த்தம்.

5. பிறகு கொஞ்சம் தண்ணீரோ உணவோ கொடுங்கள். மாத்திரை தொண்டைக் குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கே புண் வரும்.

பாணி மருந்து என்றால், ஊசி கழற்றிய சிரிஞ்சைக் கன்னத்தின் ஓரமாக வைத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். கசப்பு மருந்து பட்டு வாயில் கொஞ்ச நேரம் நுரை வந்தால் பயப்பட வேண்டாம்.

பிரட்டுக்குப் போகுமுன் ஒரு வேளை, வேலை முடிந்து வந்ததும் ஒரு வேளை என்று நேரத்தைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கொடுத்ததும் கலண்டரில் கோடு போடுங்கள். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். "பூனை சுகமாயிருச்சு" என்று நடுவில் நிறுத்தவும் வேண்டாம்.

கடித்தால்

பூனைக் கடி சின்னப் புள்ளியாகத் தெரியும். ஆனால் பல் ஆழமாக இறங்கியிருக்கும். விசர் நோய் நாயிடமிருந்து மட்டுமல்ல, பூனையிடமிருந்தும் வரும். கடித்த அல்லது கீறிய இடத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே ஊசி இலவசம். மஞ்சள், சுண்ணாம்பு பூசிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். நோய் அறிகுறி வந்தபின் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

சாதுவான பூனை திடீரென்று பாய்ந்து கடித்தால், குரல் மாறினால், விழுங்க முடியாமல் எச்சில் வடித்தால், மருந்து கொடுக்கப் போக வேண்டாம். பிள்ளைகளை விலக்கிவிட்டு மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். நாய்க்குப் போடுவது போல் பூனைக்கும் விசர்த் தடுப்பூசி போட்டு வையுங்கள்.

மாடு வளர்ப்பவர்களுக்கு அரசாங்க மிருக வைத்திய அலுவலகம் எங்கே என்று தெரியும். பூனைக்கும் அங்கேதான் போக வேண்டும். பெரிய வருத்தம் என்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலை இருக்கிறது. எவ்வளவு முயன்றும் மாத்திரை உள்ளே போகவில்லையா? வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். பாணியாகவோ ஊசியாகவோ மாற்றித் தர முடியுமா என்று அவர் பார்ப்பார்.