தேக்கரண்டியால் செய்யும் ஊழியம்



"நாங்கள் மருந்துக்கென்று அனுப்பும் காணிக்கை ஏன் செவிலியர் சம்பளத்துக்கும் போகிறது?" என்று ஆதரவாளர் சிலர் எங்களிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. வாந்திபேதி என்ற ஒரே நோயை வைத்து அதற்கு விடை கூற விரும்புகிறோம்.

பழனி மலையில் ஐப்பசி, கார்த்திகை மழை இறங்கினால் ஓடைத் தண்ணீர் கலங்கும். பிள்ளைகள் வார்டு நிறையும். நாங்கள் ஜெபிக்கச் செல்லும்போது தாய்மார் சொல்வது இதுதான்: "ஐயா, தண்ணி குடுத்தா வாந்தி எடுக்குது. அதனால நேத்துலேர்ந்து ஒண்ணும் குடுக்கல." அன்பினால் செய்யும் தவறு இது. உடலை விட்டுப்போன நீரும் உப்பும் திரும்பச் சேராவிட்டால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து.

இந்நோய்களின் பயம் நம் மலைக்குப் புதிதல்ல. மதுரைச் சமவெளியில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்களவர்களைப் பறிகொடுத்த அமெரிக்கன் மதுரை மிஷன் குடும்பங்கள், 1845ஆம் ஆண்டு கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறின. மலையேறித் தப்புவதே அன்று அவர்கள் கண்ட வழி. 1971ல் மேற்கு வங்காளத்தின் பங்காவ்ன் பகுதியில் அகதிகள் காலராவால் மடிந்தபோது, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகலநாபிஸ் குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் செய்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த மரணம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. குடல் நோயுற்றிருந்தாலும், சர்க்கரையோடு சேர்ந்து உப்பும், உப்பைத் தொடர்ந்து நீரும் உள்ளே செல்லும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் இரகசியம் இதுவே.

ஒரு பாக்கெட்டை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் முழுவதும் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 100 பாகை வருமுன்னே, சுமார் 93 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகையால் தளதளவென்று 3 நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

பிள்ளை வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, பிறகு 2 அல்லது 3 நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. பேதிக்கு மருத்துவர் சொல்லும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்ற பின்னும் 10 முதல் 14 நாள் வரை கொடுக்க வேண்டும்.

வாந்தியை அடக்க மருந்துகள் உண்டு. புற்றுநோய் மருந்து ஏற்றுமுன் ஆன்டன்செட்ரான் கொடுப்பது பெரிய ஆறுதல். மெட்டோகுளோப்ரமைடு சில பிள்ளைகளுக்குக் கழுத்தையும் கண்ணையும் இழுத்துவிடும். பேதியை நிறுத்தும் லோப்பரமைடு சிறு பிள்ளைகளுக்கு ஆகாது. எதையும் கடையில் தாமாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். பச்சை நிற வாந்தி, இரத்தம், குழிந்த கண், சிறுநீர் இல்லாமை, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம் ஆகியவற்றைக் கண்டால் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு நரம்பில் திரவம் ஏற்ற வேண்டியிருக்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அந்த வேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு 20 முதல் 30 கரண்டி. தாய் களைத்து உறங்கும்போது அந்தக் கரண்டியைச் செவிலியர் பிடிக்கிறார். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைக்கிறார், வாயைத் துடைக்கிறார், உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் அளந்து எழுதுகிறார். வாந்தியின் நிறம் மாறினால் நள்ளிரவிலும் மருத்துவரை எழுப்புகிறார். பாக்கெட் மலிவானது, விடியும்வரை விழித்திருக்கும் கைகளுக்கே செலவு அதிகம்.

சூரைச்செடியின் கீழ் சோர்ந்து கிடந்த எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்து, உறங்கவிட்டு, மறுபடியும் தட்டி எழுப்பிக் கொடுத்தான். எங்கள் இரவு வார்டில் நடப்பதும் அதுவே. அன்பானவர்களே, அந்தக் கைகள் சோர்ந்துபோகாதபடி ஜெபத்தாலும் காணிக்கையாலும் தொடர்ந்து தாங்குங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.