வெற்றுக் குழாயின் வலிமை

தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் குடியிருப்பு வாசல்களில் நிற்கும் கொடிக்கம்பங்களை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். பல கம்பங்கள் பட்டறையில் ஜி.ஐ. பைப்பை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை, வெட்டிப் பற்றவைத்தவை. அடியில் இரண்டு அங்குலப் பைப், அதற்கு மேல் ஒன்றரை, உச்சியில் ஒன்றேகால் என்று படிப்படியாக மெலிந்து போகும். அழகுக்காகச் செய்ததுபோல் தெரியும் அந்த வடிவத்துக்குள் நல்ல இயற்பியல் இருக்கிறது.

முதலில், ஏன் குழாய்? இரண்டு அங்குல நடுத்தர ரகப் பைப்பின் வெளிவிட்டம் சுமார் 60 மி.மீ., சுவர்த் தடிமன் 3.6 மி.மீ. அதே எடை இரும்பைத் துளையில்லாத தண்டாக வார்த்தால் 29 மி.மீ. விட்டம்தான் கிடைக்கும். அந்தத் தண்டைவிடப் பைப் ஏறக்குறைய எட்டு மடங்கு விறைப்பானது! கம்பம் வளையும்போது ஒருபுறம் இழுபடுகிறது, மறுபுறம் அமுங்குகிறது. நடு அச்சை ஒட்டிய இரும்புக்கு அநேகமாக வேலையே இல்லை. அதை வெளிவிளிம்புக்குத் தள்ளிவிட்டதுதான் குழாய். மூங்கிலுக்கும் இதே கணக்குதான்.

இனி காற்று. அதன் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 25 கி.மீ. கடற்காற்று 100 கி.மீ. புயலானால் பதினாறு மடங்கு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வண்டலூர் உயிரியல் பூங்காவின் மரங்களைச் சாய்த்தது இந்தப் பெருக்கத்தால்தான். சென்னையில் கட்டுமானங்களுக்கு இந்தியத் தரநிலை வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. கம்பத்தின் உயரத்தை இரட்டித்தாலோ, காற்று படும் பரப்பும் நெம்பும் தூரமும் சேர்ந்தே இரட்டித்து, அடியில் வளைக்கும் தாக்கம் நான்கு மடங்காகிறது. அதனால்தான் தடித்த பைப் அடியில் இருக்க வேண்டும்.

புயலே வேண்டாம், இளங்காற்றிலும் கம்பம் அதிரும். உருளையைக் கடக்கும் காற்று இருபுறமும் மாறி மாறிச் சுழல்களை உதிர்க்கிறது. 1878-ல் ஸ்ட்ரௌஹால் என்ற செக் அறிவியலாளர் இதன் கணக்கை அளந்து சொன்னார்: விட்டம் குறைந்தால் சுழல்கள் வேகமாக உதிரும். ஒரே விட்டமுள்ள நெடுங்கம்பத்தில் எல்லாச் சுழலும் ஒரே தாளத்தில் உதைக்கும். அது கம்பத்தின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போனால் பற்றவைத்த இடம் நாளடைவில் விரிசல் விடும். மூன்று அளவுப் பைப்பில் தாளம் மூன்றாகப் பிரிகிறது. பட்டறைக்காரர்கள் கையனுபவத்தில் கண்ட இந்தத் தீர்வை நான் மிகவும் மதிக்கிறேன்.

அடித்தளம் இடத்துக்கு இடம் மாறும். பல்லாவரத்தில் தோண்டினால் சார்னோகைட் பாறை தட்டும். பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டினால் இளகிய களிமண். பாறையில் போதுமான குழி களிமண்ணில் போதாது. அங்கே கான்கிரீட்டை அகலமாகவும் ஆழமாகவும் போட வேண்டும். பைப்பிலோ, பற்றவைக்கும் சூட்டில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். பற்றவைத்த இடத்தில் துத்தநாகப் பெயின்ட் அடிக்காவிட்டால் உப்புக்காற்றில் துரு முதலில் பிடிப்பது அந்த இடத்தைத்தான். உச்சியை மூடிவிடுங்கள், மழைநீர் உள்ளே இறங்கக்கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால் மேலே மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கம்பியைத் தொடாத தூரத்தில் மட்டுமே நடுங்கள்.