கடற்காற்றுக்கு விலை உண்டோ?

தமிழிலே 'விருந்து' என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது முதற்பொருள். முன்பின் அறியாத புதியவர் ஒருவர் வாயிலில் வந்து நின்றால், அவரை உள்ளழைத்து உணவிடுவதையே நம் முன்னோர் விருந்தோம்பல் என்றனர். அங்கே இடுபவர் விலை கூறியதில்லை. உண்பவர் விலை கேட்டதுமில்லை. இன்றோ, பிறந்தநாள், பரீட்சைச் சித்தி, வெளிநாட்டுப் பிள்ளையின் விடுமுறை என ஏதேனும் ஒரு நிமித்தம் வந்துவிட்டால், குடும்பத்தோடு வெளியே சென்று, பணங்கொடுத்து, முன்பின் அறியாத ஒருவர் பரிமாற உண்டு வருகின்றோம். இப்பொழுது புதியவராய் வாயிலில் நிற்பவர்கள் நாமே!

இம்மாற்றத்தைப் பழித்துப் பயனில்லை. ஆண்டு முழுவதும் அடுப்படியிலே நிற்கும் தாய்மாருக்கு ஒரு மாலையேனும் ஓய்வு வேண்டாமா? கடலைப் பார்த்தபடி அமர்ந்து, பிறர் சமைத்ததை அவர்களும் உண்டு மகிழட்டும். ஆனால், எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்பதை அறிந்து செல்வது ஒன்று. அறியாமற் சென்று, கூசிக்கூசி உண்டு, பணச் சிட்டையைக் கண்டு முகம் வெளுத்துத் திரும்புவது வேறொன்று. முன்னதே குடும்பத்துக்கு அழகு.

ஒரு கடல், இரு கடைகள்

கொழும்பிலே இதனை விளங்கிக்கொள்ளக் காலிமுகத் திடலைப் போல வேறிடம் இல்லை. 1859ஆம் ஆண்டில் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் அங்குள்ள கடலோர நடைபாதையை நிறைவு செய்தார். பெண்களினதும் பிள்ளைகளினதும் நன்மைக்காக அதனைப் பேணிவருமாறு, தமக்குப் பின் வருவோரைக் கேட்டு ஒரு கல்லிலும் பொறித்து வைத்தார். ஐந்தாண்டுகளின் பின், 1864ஆம் ஆண்டில், அத்திடலின் தென்கோடியில் காலிமுக ஹோட்டல் எழுந்தது. அன்று முதல் இன்று வரை, நடைபாதையும் மாளிகையும் ஒரே சூரியன் ஒரே கடலில் மறைவதை அருகருகே நின்று பார்த்து வருகின்றன.

திடலில் மாலை வேளையில் இறால் வடை விற்பார்கள். பருப்பு மாவைத் தட்டி, அதன்மேல் முழு இறாலைப் பதித்து, கொதிக்கும் எண்ணெயில் இட்டு எடுத்து, வெங்காயமும் மிளகாய்க் குழம்பும் தூவித் தருவார்கள். கடதாசியில் ஏந்தி நின்றபடியே உண்ணவேண்டியதுதான். மாளிகையின் முற்றத்திலோ வெள்ளை விரிப்பிட்ட மேசை, மெத்தையிட்ட கதிரை, பளபளக்கும் கண்ணாடிக் கிண்ணம். அங்கும் இறால் உண்டு, விலையோ பன்மடங்கு.

இறாலின் ருசி பன்மடங்காகிவிட்டதா? இல்லை. கடற்காற்று அங்கே கூடுதலாக வீசுகின்றதா? அதுவும் இல்லை. அமர்வதற்கு ஓர் இடம், அவசரப்படுத்தாத நேரம், தூய்மை, அமைதி, பணிந்து பரிமாறும் கைகள் ஆகியவற்றுக்கே நாம் அங்கு விலை கொடுக்கின்றோம். காற்று இலவசம், கதிரைக்கே காசு. இந்த உண்மையை மனத்திற் கொண்டால், திடலில் வடை தின்பவர் மாளிகையைப் பார்த்து ஏங்கவேண்டியதில்லை. மாளிகையில் உண்பவர் திடலைப் பார்த்துச் செருக்கடையவும் வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டில், சமையல் வாயுவும் எரிபொருளும் இன்றி நாடு தத்தளித்தபோது, மக்கள் மாதக்கணக்காகத் திரண்டு நின்றதும் இதே திடலில்தான். ஒரு நாட்டில் உணவு எவ்வளவு அருமையானது என்பதை அந்நாட்கள் எல்லார்க்கும் உணர்த்தின.

வரிகளைப் பற்றிய ஒரு வரி

உணவுப் பட்டியலைக் கையில் எடுத்ததும் நம்மவர் முதலிற் பார்ப்பது பெயர்களை. அடுத்துப் பார்ப்பது விலைகளை. கடைசிப் பக்கத்தின் அடியிலே சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதனைப் பார்ப்பவர் சிலரே. சேவைக் கட்டணமும் அரச வரிகளும் மேலதிகமாக அறவிடப்படும் என்று அது கூறும். வழக்கமான சேவைக் கட்டணம் நூற்றுக்குப் பத்து. பெறுமதி சேர் வரி 2024ஆம் ஆண்டு சனவரி முதல் நூற்றுக்குப் பதினெட்டாக உயர்ந்தது. எனவே பட்டியலிலுள்ள விலையின்படி 10,000 ரூபாய்க்கு உண்டவர், சேவைக்காக 1,000 ரூபாயும் வரியாக 1,800 ரூபாயும், ஆக 12,800 ரூபாய்க்குக் குறையாமற் கொடுக்க ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

கணிதம் படிக்கும் மாணவர்களுக்கு இஃது ஒரு நல்ல பயிற்சி. வீட்டை விட்டுப் புறப்படுமுன்பே, 'இன்றைய செலவு இவ்வளவுதான்' என்று தகப்பனார் ஒரு தொகையை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். அத்தொகைக்குள் அடங்குமாறு உணவுகளைத் தெரிந்து கூட்டிப் பார்க்கும் பொறுப்பை மூத்த பிள்ளையிடம் விடலாம். தம் பிள்ளைகளின் முன் பணத்தைப் பற்றிப் பேசக் கூசும் பெற்றோர் பலர். ஆனால், பேசாமல் மறைத்துக் கடன்பட்டு விருந்துண்பதே கூசத்தக்கது. இருப்பதைச் சொல்லி அதற்குள் மகிழ்வதில் என்ன கூச்சம்?

மீனும் நண்டும் சில இடங்களில் நிறைக்கேற்ப விற்கப்படும். பட்டியலில் விலைக்குப் பதிலாக 'சந்தை விலை' என்றோ, நூறு கிராமின் விலை என்றோ எழுதியிருக்கும். அங்கேதான் பலரும் ஏமாறுவர். "இந்த மீன் எவ்வளவு நிறை? முழுதாக என்ன விலையாகும்?" என்று சமைக்குமுன் கேட்பது கருமித்தனமன்று. நல்ல விடுதியில் மீனைத் தட்டிற் கொணர்ந்து காட்டவும் செய்வர். கண் தெளிந்து, செவுள் சிவந்து, தசை விரலுக்கு இறுக்கமாயிருந்தால் அது புதிய மீன். சோளகக் காற்று வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரையான மாதங்களில் மேற்குக் கடலும் தென்கடலும் கொந்தளிக்கும். அக்காலத்தில் கிழக்குக் கரையே அமைதியாயிருக்கும். ஆகவே, சாளரத்தின் வழியே தெரியும் கடலில்தான் தட்டிலுள்ள மீன் பிடிபட்டது என்று எண்ணிவிடலாகாது.

நண்டு ஏன் இவ்வளவு விலை?

கடலோர விடுதிகளின் பட்டியலில் மிக உயர்ந்த விலை பெரும்பாலும் நண்டுக்கே. அதற்குக் காரணம் உண்டு. கண்டல் மரங்கள் அடர்ந்த களப்புக்களின் சேற்றிலே வாழும் பெரிய நண்டு, இலங்கையின் பெயரை உலகெங்கும் கொண்டு சென்ற ஒரு பண்டம். அதன் கொடுக்குகளைக் கயிற்றாற் கட்டி, ஈரம் காயாமற் பெட்டிகளில் அடுக்கி, உயிரோடு விமானத்தில் சிங்கப்பூருக்கு அனுப்புவர். அந்நாட்டின் புகழ்பெற்ற மிளகாய் நண்டுக்கு நம் நாட்டு நண்டே சிறந்ததென்று அங்குள்ளோர் தேடி வாங்குவர். நெடுங்காலமாகத் தரமான பெரிய நண்டுகளெல்லாம் கப்பலோ விமானமோ ஏற, எஞ்சியவையே உள்ளூர்ச் சந்தைக்கு வந்தன.

2011ஆம் ஆண்டின் இறுதியிலே, கொழும்புக் கோட்டையில் பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலைக் கட்டடத்தில், நண்டையே தலைமை உணவாகக் கொண்ட ஓர் உணவகம் தொடங்கப்பட்டது. துடுப்பாட்ட வீரர்களான மஹேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் அதன் பங்காளிகள். ஏற்றுமதிக்குரிய தரத்திலான நண்டை அதன் சொந்த நாட்டிலேயே உண்ணலாம் என்னும் நிலையை அவ்வுணவகம் பரவலாக்கியது. ஆனால் விலையும் ஏற்றுமதி விலையை ஒட்டியதாகவே அமைந்தது. பிடித்த நாட்டிலே இருந்துகொண்டு, வாங்கும் நாட்டின் விலையைக் கொடுக்கிறோம் என்பதே இதன் பொருள்.

நண்டு வாங்குவோர் அறியவேண்டியது இன்னொன்று. நண்டு வளர வளரத் தன் பழைய ஓட்டைக் கழற்றிப் புதிய ஓட்டுக்குள் வாழத் தொடங்கும். ஓடு கழற்றிய புதிதில் உடம்பிலே தசை குறைந்து நீரே மிகுந்திருக்கும். பார்வைக்குப் பெரிதாயினும் உடைத்தால் ஒன்றும் இராது. அடிப்பக்கத்தைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தே மீனவர் இதனைக் கண்டுபிடிப்பர், அமுங்கினால் வாங்கமாட்டார்கள். முற்றிய நண்டிலும் நிறையிற் பாதிக்கு மேல் ஓடும் கழிவுமே என்பதை நினைவிற் கொள்ளுதல் நன்று.

யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார்ப் பகுதிகளில் வலைப்படும் நீல நண்டின் கதையும் இதனை ஒத்ததே. நம் பெண்கள் தொழிற்சாலைகளில் மணிக்கணக்காக இருந்து அதன் தசையைப் பிரித்தெடுக்கின்றனர். அது அமெரிக்கா வரை செல்கின்றது. தட்டிலே வரும் ஒரு நண்டின் பின்னால் எத்தனை கைகள்!

சைவ உணவினர் கவனத்துக்கு

வெள்ளிக்கிழமையும் விரத நாளும் பேணும் குடும்பங்கள் கடலோர விடுதிக்குச் செல்லலாகாதா? தாராளமாகச் செல்லலாம். ஆனால், 'மரக்கறி' என்று எழுதப்பட்டவை யாவும் சைவம் என்று நம்பிவிடலாகாது. இலங்கைச் சம்பலிலும் சுண்டல்களிலும் மாசி கலந்திருக்கலாம். கீழைத்தேச முறையிற் பொரித்த சோற்றிலும் கீரையிலும் மீன் சாறோ, இறாற் கூழோ இருக்கக்கூடும். தெளிந்த மரக்கறி ரசம் எலும்பு வேகவைத்த நீரில் ஆக்கப்பட்டதாயும் இருக்கலாம். "மாசி சேருமா? மீன் சாறு சேருமா? எந்த நீரிற் காய்ச்சியது?" என்னும் மூன்று கேள்விகளையும் முகம் மலரக் கேட்டால், பெரும்பாலும் சமையலறையில் விசாரித்து வந்து சொல்வார்கள். முன்னாளே தொலைபேசியில் அறிவித்துவிடுதல் இன்னும் சிறந்தது.

கையா, கரண்டியா?

சில மாதங்களுக்கு முன் ஒரு கடலோர விடுதியில், அடுத்த மேசையில் நடந்ததொன்றைப் பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த இளைஞர் ஒருவர், தம் தாயாரையும் தங்கையரையும் அழைத்து வந்திருந்தார். தாயார் யாழ்ப்பாணத்துக் கரையோரக் கிராமமொன்றைச் சேர்ந்தவர் என்பது பேச்சிலே தெரிந்தது. நண்டுக் கறி வந்தது. முள்ளுக்கரண்டியையும் கத்தியையும் எடுத்து வைத்துக்கொண்டு, அம்மையார் அதை எப்படித் தொடுவதென்று அறியாது விழித்தார். பின்பு மெல்லக் கையை நீட்டினார்.

"அம்மா, கையாலை வேண்டாம். எல்லாரும் பாக்கினம்" என்றார் மகன், குரலைத் தாழ்த்தி.

அம்மையார் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பரிசாரகர் மலைநாட்டு இளைஞர். அவர் ஒன்றும் கேளாதவர் போல, எலுமிச்சந் துண்டு மிதக்கும் இளஞ்சூட்டு நீர்க் கிண்ணமொன்றைக் கொணர்ந்து அம்மையாரின் வலப்புறத்தில் வைத்தார்.

"சாப்பிட்ட பிறகு கை கழுவ இதுங்கம்மா. நண்டுக்கு எல்லாருமே கையாலதான் சாப்பிடுவாங்க. அங்க பாருங்க."

அவர் காட்டிய திசையிலே, மார்பிலே துணி கட்டிய ஐரோப்பியத் தம்பதியர் இரு கைகளாலும் கொடுக்கை உடைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தனர். அம்மையார் சிரித்துவிட்டார். "தம்பி, இது எங்கடை பக்கத்து நண்டோ?" என்று பரிசாரகரைக் கேட்டார். சிறிது நேரத்தில், எந்த மூட்டை எப்படி ஒடித்தால் தசை முழுதாகக் கழன்று வரும் என்று பெண்மக்களுக்கு அவரே செய்து காட்டினார். அந்த மேசையில் நண்டை அவரளவுக்கு அறிந்தவர் வேறொருவரும் இலர். மகனும் ஈற்றிலே கரண்டியை வைத்துவிட்டுத் தாயாரிடம் பாடங் கேட்டார்.

மேசை ஒழுக்கம் கற்கவேண்டாம் என்பதன்று என் கருத்து. வரிசையாக வைத்த கரண்டிகளை வெளிப்புறத்திலிருந்து உட்புறமாக எடுப்பதும், உண்டு முடித்தபின் கத்தியையும் முள்ளுக்கரண்டியையும் ஒன்றாகச் சேர்த்து வைப்பதும் கால்மணி நேரத்திற் கற்கக்கூடியவை. கற்பது நல்லதே; உத்தியோகம் தேடிச் செல்லும் மாணவர்க்கு அவை பயன்படும். ஆனால், பெற்ற தாயை நாணச் செய்து பெறும் நாகரிகம் நாகரிகமாகாது.

பரிமாறுபவரும் மனிதரே

காலிமுக ஹோட்டலில் 1942ஆம் ஆண்டிற் பணியாளராகச் சேர்ந்தவர், கேரளத்திலிருந்து வந்த குட்டன் என்பவர். பின்னாளில் வெண்ணிற உடையும் வெண்மீசையுமாக வாயிலில் நின்று, வருவோரைக் கைகூப்பி வரவேற்கும் காவலராய், அந்த மாளிகையின் முகமாகவே விளங்கினார். 2014ஆம் ஆண்டு, தமது 94ஆம் வயதில் அவர் மறைந்தபோது உலகப் பத்திரிகைகளும் அச்செய்தியை வெளியிட்டன. எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் புதியவர்களை இன்முகத்தோடு வரவேற்றார் என்றால், பழந்தமிழர் கூறிய விருந்தோம்பல், விலை வந்து புகுந்த இடத்திலும் முற்றாக மறைந்துவிடவில்லை என்பதே அதன் பொருள்.

விடுதிக்குப் போகும் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கவேண்டிய முதற்பாடம் இதுவே. பரிசாரகரை விரல் சொடுக்கி அழைத்தல் ஆகாது. தட்டை வைக்கும்போது நன்றி கூறுதல் வேண்டும். அவரும் ஒரு தாயின் மகன். தம் தாயை இம்மேசையில் ஒருநாளும் இருத்திப் பாராதவராயும் இருக்கலாம். சேவைக் கட்டணம் சிட்டையில் இருந்தாலும், மனம் நிறையப் பரிமாறியவர் கையில் இயன்றதைச் சந்தோஷமாகக் கொடுத்தல் நல்ல வழக்கம். இயலாவிட்டால் ஓர் இன்சொல் போதும்.

ஆண்டுக்கு ஒருமுறையோ, சில ஆண்டுகளுக்கு ஒருமுறையோ, இயன்றபோது செல்லுங்கள். கணக்கிட்டுச் செல்லுங்கள், வீட்டிலுள்ள முதியோரையும் அழைத்துச் செல்லுங்கள். மேசையின் ஓரத்தில் அன்று, கடல் நன்கு தெரியும் கதிரையிலே அவர்களை இருத்துங்கள். இயலாத ஆண்டுகளில் திடலிலோ, வெள்ளவத்தைக் கரையிலோ, பண்ணைப் பாலத்தடியிலோ வீட்டுச் சோற்றுப் பொதியை அவிழ்த்தாலும் சூரியன் அதே அழகோடுதான் மறையும்.