எடைக்கட்டை டிஜிட்டல் பியானோவைத் தேர்ந்தெடுத்தல்

டிஜிட்டல் பியானோ என்பது பியானோவின் ஒலியை மின்னணு முறையில் உருவாக்கி ஒலிபெருக்கி வழியே தரும் இசைக்கருவி. அதில் தந்திகள் இல்லை. எனவே தந்தியை அடிக்கும் சுத்தியலும் தேவையில்லை. ஆனாலும் தரமான டிஜிட்டல் பியானோவில் ஒவ்வொரு கட்டையோடும் ஒரு சிறு சுத்தியல் இணைந்திருக்கும். அது ஒலிக்காக அல்ல, விரலுக்காக வைக்கப்பட்டது. இவ்வாறு சுத்தியலின் கனத்தை விரல் உணரும்படி அமைந்த கட்டைகளே எடைக்கட்டைகள். (பாடகர்கள் ‘ஐந்து கட்டை சுருதி’ என்று சொல்வதில் வரும் ஆர்மோனியக் கட்டைதான் இங்கும் கட்டை எனப்படுகிறது.)

கனம் எதற்கு?

ஆர்மோனியத்தில் கட்டையை எவ்வளவு பலமாக அழுத்தினாலும் ஒலி கூடாது. ஒலியின் அளவைத் துருத்தியே தீர்மானிக்கிறது. பியானோ அப்படியல்ல. இத்தாலியின் பிளாரன்சு நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்தோஃபோரி 1700ஆம் ஆண்டையொட்டி உருவாக்கிய இக்கருவியின் சிறப்பே, விரலின் மூலம் மென்மையாகவும் பலமாகவும் ஒலிக்கச் செய்ய முடிவதுதான். பெயரும் அதிலிருந்து வந்தது. இத்தாலிய மொழியில் ‘பியானோ’ என்றால் மென்மை, ‘ஃபோர்த்தே’ என்றால் பலம்.

கட்டையை அழுத்தும்போது உள்ளே சுத்தியல் தந்தியை நோக்கி எறியப்படுகிறது. ஒலியின் அளவு சுத்தியலின் வேகத்தைப் பொறுத்தது. கட்டை கீழே செல்லும் தூரம் சுமார் 10 மில்லிமீட்டர்தான். அந்தச் சிறிய தூரத்துக்குள் வேகத்தைக் கட்டுப்படுத்தப் பழகுவதே பியானோ பயிற்சியின் பெரும்பகுதி.

விலை குறைந்த கீபோர்டுகளில் கட்டைக்கு அடியில் வில் மட்டுமே இருக்கும். வில்லை அழுத்த அழுத்த எதிர்ப்பு கூடிக்கொண்டே போகும். சுத்தியலோ தொடக்கத்தில் அசைய மறுக்கும். அசைந்த பின் விரலோடு சேர்ந்து ஓடும். இரண்டும் விரலுக்கு வெவ்வேறு பாடங்கள். வில் கட்டையில் மட்டும் ஓரிரு ஆண்டுகள் பயின்ற மாணவர் தேர்வு அறையிலோ மேடையிலோ உண்மையான பியானோ முன் அமர்ந்தால், மென்மையாக வாசிக்க வேண்டிய இடங்களில் சில சுரங்கள் ஒலிக்காமலே போகும். மனப்பாடம் சரியாக இருக்கும், விரல்தான் ஏமாற்றும்.

விளம்பரச் சொற்கள்

வாங்குபவர்களை அதிகம் குழப்புவது ‘டச் சென்சிட்டிவ்’ என்ற சொல். அழுத்தும் வேகத்துக்கு ஏற்ப ஒலி மாறும் என்பதே அதன் பொருள். கட்டைக்குக் கனம் உண்டு என்று பொருளல்ல. வில் கட்டைக் கீபோர்டுகள் பலவற்றிலும் இந்த வசதி உண்டு. ‘செமி வெயிட்டட்’ என்பது பெரும்பாலும் வில்லின் இறுக்கத்தைக் கூட்டிய கட்டை. ‘ஹேமர் ஆக்‌ஷன்’ என்று குறிப்பிட்டிருந்தால்தான் சுத்தியல் உள்ளது என்று கொள்ளலாம். ‘கிரேடட் ஹேமர்’ என்றால் இடப்பக்க மந்தர சுரங்களில் கனம் கூடுதலாகவும், வலப்பக்க உச்ச சுரங்களில் குறைவாகவும் இருக்கும். உண்மையான பியானோவில் தடித்த தந்திகளுக்குப் பெரிய சுத்தியல்கள் தேவைப்படுவதால் ஏற்படும் வேறுபாடு இது.

கனம் கூடினால் தரம் கூடும் என்ற எண்ணம் சரியல்ல. உண்மையான பியானோவின் நடுப்பகுதியில் ஒரு கட்டையை மெதுவாகக் கீழிறக்க ஏறத்தாழ 50 கிராம் எடை போதும். சில டிஜிட்டல் பியானோக்கள் இதைவிடக் கனமாக இருக்கும். ஏழெட்டு வயதுக் குழந்தைக்கு அது விரல் வலியைத்தான் தரும்.

உணரிகள்

கட்டை எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதை உணரிகள் கண்டறிகின்றன. மேலே ஓர் உணரி, கீழே ஓர் உணரி. இரண்டையும் கட்டை கடக்க எடுக்கும் நேரமே வேகத்தைச் சொல்லிவிடும். 1983இல் வெளியான மிடி தரத்தில் இந்த வேகம் 1 முதல் 127 வரையுள்ள ஓர் எண்ணாகிறது. இரண்டு உணரிகள் மட்டும் உள்ள கருவியில் ஒரே சுரத்தை விரைந்து திரும்ப வாசிக்க, கட்டை ஏறக்குறைய முழுவதும் மேலே வந்தாக வேண்டும். மூன்றாவது உணரி இருந்தால் பாதியில் இருந்தே மீண்டும் அழுத்தலாம். செபஸ்டியன் எரார் உருவாக்கிய, 1821இல் காப்புரிமை பெற்ற பொறியமைப்பு கிராண்டு பியானோவுக்குத் தந்த வசதியும் இதுவே. ரோலண்டின் எஃப்பி-10இல் மூன்று உணரிகள் உண்டு. பலரும் முதல் கருவியாக வாங்கிய யமஹா பி-45இல் இரண்டு. தொடக்க நிலை மாணவருக்கு இந்த வேறுபாடு உடனே தெரியாது. மூன்றாம், நான்காம் நிலைப் பாடங்களில் தெரியத் தொடங்கும்.

கடையில் பார்க்க வேண்டியவை

கடைக்காரர்கள் முதலில் காட்டுவது நூற்றுக்கணக்கான ஒலிகளையும் தாளங்களையும்தான். பியானோ கற்பவருக்கு அவை அநேகமாகப் பயன்படுவதில்லை. மாறாக, ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு வாசித்துப் பார்க்க வேண்டும். கட்டைகள் ‘டக் டக்’ என்று எழுப்பும் சத்தம் அப்போதுதான் கேட்கும். அடுக்குமாடி வீட்டில் ஹெட்போன் போட்டு இரவில் வாசித்தாலும், கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்பது அந்தச் சத்தம்தான்.

அடுத்து, ஒரு கட்டையின் முன் ஓரத்தில் அழுத்திவிட்டு, உட்புறம் கறுப்புக் கட்டைகளுக்கு இடையிலும் அழுத்திப் பார்க்க வேண்டும். கட்டை ஒரு நெம்புகோல். அதன் சுழல்மையம் விரலுக்கு நெருங்க நெருங்க அழுத்துவது கடினமாகும். கிராண்டு பியானோவில் சுழல்மையம் கண்ணுக்குத் தெரியாமல் வெகு உள்ளே இருக்கிறது. மேசை மேல் வைக்கும் மெலிந்த டிஜிட்டல் பியானோக்களில் அது மிக அருகில் இருப்பதால், கறுப்புக் கட்டைகள் கலந்த இசைக்கோவைகளை வாசிக்கும்போது கை சோர்ந்துவிடும். விளக்கத் துண்டறிக்கைகள் பெரும்பாலும் சொல்லாத குறை இது.

கருவியோடு இலவசமாக வரும் பெட்டி வடிவ மிதி பெரும்பாலும் வெறும் சுவிட்சு. பாதி அழுத்துதலை உணரும் மிதியைக் கருவி ஏற்குமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய சுரங்களின் எண்ணிக்கை 64 என்றால் தொடக்கத்துக்குப் போதும். மிதியை அழுத்தியபடி நீண்ட பகுதிகளை வாசிப்பவருக்கு 128 அல்லது அதற்கு மேல் வேண்டும்.

பழைய கருவி வாங்குவதானால் 88 கட்டைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே அழுத்தத்தில் வாசிக்க வேண்டும். ஏதேனும் ஒன்று மட்டும் திடீரெனப் பெரிதாக ஒலித்தால், உணரியின் ரப்பர் தொடுபட்டையில் தூசி சேர்ந்திருக்கலாம் அல்லது அது தேய்ந்திருக்கலாம். சுத்தம் செய்தால் பலமுறை சரியாகிவிடும் என்றாலும், அதற்கு ஏறக்குறைய முழுக் கருவியையும் பிரிக்க வேண்டியிருக்கும்.

யாருக்குத் தேவையில்லை?

டிரினிட்டி கல்லூரி பியானோவுக்கும் மின்னணுக் கீபோர்டுக்கும் தனித்தனித் தேர்வுகள் நடத்துகிறது. கீபோர்டுத் தேர்வில் தாளங்களும் ஒலி மாற்றங்களும் பாடத்தின் பகுதிகள். அந்தப் பிரிவில் படிப்பவரும், மெல்லிசைக் குழுவில் வாசிப்பவரும் எடைக்கட்டைக்காகச் செலவிட வேண்டியதில்லை. 61 கட்டைக் கீபோர்டைத் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்தில் ஏறலாம். எடைக்கட்டை உள்ள 88 கட்டைக் கருவியோ 11 கிலோவுக்குக் குறைவாகக் கிடைப்பது அரிது. எந்தத் தேர்வுக்குப் பிள்ளை தயாராகிறது என்பதை ஆசிரியரிடம் கேட்டறிந்த பிறகே கடைக்குப் போக வேண்டும்.