கும்மிடிப்பூண்டி இரும்பில் ஓர் ஈர்ப்பு அலை

கும்மிடிப்பூண்டி சிப்காட் சாலையில் கம்பி ஏற்றிய லாரிகள் ஓய்வதே இல்லை. அங்குள்ள ஆலைகளின் இரும்பைக் கொண்டு பெரிய உருளை ஒன்றை மனத்தில் வார்த்துக்கொள்ளுங்கள். நீளம் 20 மீட்டர், தடிமன் 2 மீட்டர், எடை 490 டன். நடுவில் அச்சு பொருத்தி, விசிறி இறக்கைபோல வினாடிக்கு நாலரைச் சுற்று சுழல விடுங்கள். இன்னும் வேகம் கூட்டினால் இரும்பு பிய்ந்துவிடும்.

இதுதான் நம் ஈர்ப்பு அலை டிரான்ஸ்மிட்டர். நிறையுள்ள பொருள் இப்படிச் சுழலும்போது, சுற்றியுள்ள இடவெளியே நீண்டு சுருங்கி, அந்த அசைவு ஒளியின் வேகத்தில் பரவும். ஐன்ஸ்டைன் 1916இல் சொன்னது இது.

இதில் செய்தி அனுப்பலாமே என்ற ஆசை நியாயமானதுதான். வானொலி அலையைக் கடல்நீர் விழுங்கிவிடும். நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேசுவதற்கென்றே கடற்படை 1990இல் திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் ஐஎன்எஸ் கட்டபொம்மன் நிலையத்தைத் தொடங்கியது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட அலைகளும் கடலுக்குள் சில பத்து மீட்டர்தான் இறங்கும். ஈர்ப்பு அலையோ பழவேற்காட்டில் கிளம்பினால் பூமியையே ஊடுருவி மறுபக்கம் போய்ச் சேரும். கேபிள் வேண்டாம், செயற்கைக்கோள் வேண்டாம்.

ஆனால் நம் உருளையின் திறன் எவ்வளவு? மிஸ்னர், தோர்ன், வீலர் மூவரும் எழுதிய 1973ஆம் ஆண்டுப் பாடநூலில் இந்தக் கணக்கு இருக்கிறது. புள்ளிக்குப் பின் 28 சுழியம் இட்டு, அப்புறம் 22 எழுதுங்கள்; அத்தனை வாட். பச்சை ஒளித்துகள் ஒன்றே ஒன்றின் ஆற்றலை வெளியிட, உருளை சுமார் 500 ஆண்டு நிற்காமல் சுழல வேண்டும். எனக்கு இந்த இடத்தில்தான் பிரபஞ்சத்தின் அளவு உறைக்கிறது.

2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ கருவிகள் முதன்முதலாக ஈர்ப்பு அலையைப் பிடித்தன. சூரியனைப்போல் ஏறத்தாழ 36 மடங்கும் 29 மடங்கும் நிறைகொண்ட இரண்டு கருந்துளைகள் ஒன்றாகி, மூன்று சூரியன்களின் நிறை அலையாகக் கரைந்தது. அப்படியும் 4 கிலோமீட்டர் நீளக் குழாயில் தெரிந்த மாற்றம், புரோட்டானின் அகலத்தில் சுமார் 400இல் ஒரு பங்கு.

அதே வகைக் கருவிக்கு மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் இடம் தேர்ந்தார்கள். மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தின் ஆய்வாளர்களுக்கும் இத்துறையில் பங்குண்டு. அந்தக் கருவியைக் கும்மிடிப்பூண்டியில் வைக்க முடியாது. கூடூர் தடத்து ரயில், நெடுஞ்சாலை லாரி, கரையை மோதும் வங்கக் கடல் எல்லாமே தரையை நடுக்கும்; அந்த நடுக்கத்தில் கருந்துளைகளின் அலை அமுங்கிப்போகும்.