பிரெஞ்சில் ‘தன்னைத்தானே’ வினைகள்: பிரான்சில் உறவுகள் உள்ள குடும்பங்களுக்கு

காரைநகருக்குத் திரும்பி வந்து வளவு துப்புரவாக்கி, கூரை போட்டு, கிணறு இறைத்து வாழத் தொடங்கியிருக்கும் குடும்பங்கள் பலவற்றின் ஒரு பாதி இன்னும் வெளிநாட்டில் இருக்கிறது. பிரான்சில் பிள்ளை அல்லது சகோதரம் உள்ளவர்கள் உங்களில் பலர். பரிசின் லா சப்பல் பகுதியில் தமிழிலேயே கடைக்குப் போய்வரலாம். ஆனால் வைத்தியரிடமும் நகரசபையிலும் பள்ளிக்கூடத்திலும் பிரெஞ்சு வேண்டும். துணைவரிடம் செல்லக் காத்திருப்பவர்களுக்கும், தொலைபேசியில் பேரப்பிள்ளையுடன் பேச விரும்பும் அம்மம்மா, அப்பப்பாமாருக்கும் இந்தப் பக்கங்கள் உதவும்.

பிரெஞ்சு ஒலிகளைத் தமிழ் எழுத்தில் முழுமையாக எழுத முடியாது. இங்கே தரப்பட்டவை அண்ணளவானவை. சரியான ஒலியை அங்கே பிறந்த பிள்ளைகளிடம் கேட்டுப் பழகுங்கள்.

இவை எப்படிப்பட்ட வினைகள்?

செயலைச் செய்பவரும் அந்தச் செயல் போய்ச் சேருபவரும் ஒருவரே என்றால், பிரெஞ்சில் வினைக்கு முன்னால் ஒரு சிறு சொல் வரும். ‘லெவே’ என்றால் தூக்குதல், உயர்த்துதல். ‘செ லெவே’ என்றால் எழும்புதல். அந்தச் சிறு சொல் ஆளுக்கு ஏற்ப மாறும்:

- ஜெ மெ லெவ் – நான் எழும்புகிறேன்
- து தெ லெவ் – நீ எழும்புகிறாய்
- இல் செ லெவ், எல் செ லெவ் – அவன் எழும்புகிறான், அவள் எழும்புகிறாள்
- நு நு லெவோன் – நாங்கள் எழும்புகிறோம்
- வு வு லெவே – நீங்கள் எழும்புகிறீர்கள்

பன்மையில் ‘அவர்கள்’ என்பதற்கும் ‘செ’ தான். உயிரெழுத்தில் தொடங்கும் வினை வந்தால் சிறு சொல் அதனோடு ஒட்டிவிடும். ‘ஜெ மாப்பெல்...’ என்று சொல்லி உங்கள் பெயரைச் சொல்வது இப்படித்தான். அதன் நேர்ப்பொருள் ‘நான் என்னை அழைக்கிறேன்’ என்பது.

தமிழைக் கொண்டே பிடித்துக்கொள்ளலாம்

இந்த வேறுபாடு தமிழுக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்திருப்பீர்கள்.

*முதல் வழி:* எழும்பு–எழுப்பு, நில்–நிறுத்து, இரு–இருத்து போன்ற சோடிகளைப் பாருங்கள். தமிழ் வினையின் வடிவத்தை மாற்றுகிறது. பிரெஞ்சு பெரும்பாலும் ஒரே வினையை வைத்துக்கொண்டு, தன்வினைக்குச் சிறு சொல்லைச் சேர்க்கிறது. பஸ் வலந்தலைச் சந்தியில் நிற்கிறது என்பதற்கு ‘சாரெத்தே’. சாரதி பஸ்ஸை நிறுத்துகிறார் என்பதற்கு ‘ஆரெத்தே’. அலுவலகத்தில் ‘அஸெயே வு’ என்றால் ‘இருங்கோ’ என்று மரியாதையாகச் சொல்கிறார்கள், நிற்க வேண்டாம்.

*இரண்டாம் வழி:* தமிழில் ‘–கொள்’ வரும் இடத்தையும் ‘–வை’ வரும் இடத்தையும் ஒப்பிடுங்கள். திருமணம் செய்துகொண்டேன் என்பது ‘ஜெ மெ சுயி மாரியே’. மகளுக்குத் திருமணம் செய்துவைத்தேன் என்பது ‘ஜே மாரியே மா ஃபிய்’.

ஆனால் எல்லாக் ‘கொள்’ளுக்கும் இது பொருந்தாது. ‘படித்துக்கொண்டிருக்கிறேன்’ என்பது நடந்துகொண்டிருக்கும் செயலை மட்டும் காட்டுகிறது. அங்கே பிரெஞ்சில் சிறு சொல் வராது.

*மூன்றாம் வழி:* சிலவற்றை அப்படியே பாடமாக்க வேண்டும். ‘செ சுவெனீர்’ என்றால் ஞாபகம் வைத்திருத்தல். ‘செ தெபெஷே’ என்றால் கெதியாகச் செய்தல். ‘எனக்குச் சுகமில்லை’ என்று வைத்தியரிடம் சொல்ல ‘ஜெ மெ ஸான் மால்’ என்பார்கள்.

உடல் உறுப்புகளில் தமிழும் பிரெஞ்சும் நெருங்கி நிற்கின்றன. ‘கை கழுவினேன்’ என்கிறோம். ‘என்னுடைய கையை’ என்று சொல்வதில்லை. பிரெஞ்சிலும் ‘என்னுடைய’ வராது. சிறு சொல்லே யாருடைய கை என்பதைக் காட்டிவிடும்.

கவனம் தேவைப்படும் இடம்

நடந்து முடிந்ததைச் சொல்லும்போது சாதாரண வினைகள் பெரும்பாலானவற்றுக்கு ‘ஜே’ வரும். தன்னைத்தானே வினைகளுக்கு ‘ஜெ மெ சுயி’ வரும். இதை மாற்றிச் சொன்னால் பொருளே மாறிவிடும். இடப்பெயர்வையும் போரையும் கடந்து வந்தவர்கள் கீழே உள்ள வாக்கியங்களைக் கவனமாகப் பாருங்கள்:

- ‘ஜே பிளெஸே...’ – நான் (ஒருவரைக்) காயப்படுத்தினேன்.
- ‘ஜெ மெ சுயி பிளெஸே’ – எனக்குக் காயம்பட்டது (விழுந்தோ வெட்டியோ, என்னாலேயே).
- ‘ஜே எத்தே பிளெஸே’ – நான் காயப்படுத்தப்பட்டேன் (வேறொருவரால், அல்லது செல் வீச்சால்).
- ‘ஜே காஷே...’ – நான் (ஒரு பொருளை அல்லது ஆளை) ஒளித்துவைத்தேன்.
- ‘ஜெ மெ சுயி காஷே’ – நான் ஒளித்துக்கொண்டேன்.
- ‘ஜே சோவே...’ – நான் (ஒருவரைக்) காப்பாற்றினேன்.
- ‘ஜெ மெ சுயி சோவே’ – நான் தப்பி ஓடினேன்.

செல் துண்டு பட்டுக் காயமடைந்த ஒருவர் முதல் வாக்கியத்தைச் சொன்னால், தான் யாரையோ காயப்படுத்தியதாகக் கேட்பவர் விளங்கிக்கொள்ளலாம். பதுங்குகுழிக்குள் ஒளிந்திருந்தவர் எதையோ ஒளித்துவைத்தவராகிவிடலாம். சாதாரண பேச்சில் கேட்பவர் ஊகித்துத் திருத்திக்கொள்வார். பதிவு செய்யப்படும் வாக்குமூலத்தில் அப்படி ஊகிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆகவே அகதி விண்ணப்பத்தை ஆராயும் ‘ஒஃப்ரா’ அலுவலக நேர்காணலுக்கு உங்கள் உறவினர் எவராவது செல்வதானால், ஓரளவு பிரெஞ்சு தெரிந்தாலும் தமிழில் பேசும்படி சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரை அந்த அலுவலகமே ஒழுங்குசெய்யும். அவரிடமும் ‘காயம்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், யார் செய்தது, யாருக்குப் பட்டது என்று முழு வாக்கியமாகச் சொல்வது நல்லது. நீங்கள் இங்கிருந்து அவர்களுக்காகக் கடிதம் எழுதினாலும் தமிழில் இப்படியே தெளிவாக எழுதுங்கள். அதைப் பிரெஞ்சுக்கு மாற்றுபவரின் வேலை இலகுவாகும்.

எழுதும்போது இன்னொன்று: பெண் ஒருவர் ‘ஜெ மெ சுயி பிளெஸே’ என்று எழுதினால் கடைசியில் ஓர் ‘ஈ’ எழுத்துக் கூடும். உச்சரிப்பு மாறாது.

வீட்டில் பயிற்சி

1. காலையில் செய்வதைச் செய்யும்போதே சொல்லுங்கள்: எழும்பும்போது ‘ஜெ மெ லெவ்’, முகம் கழுவும்போது ‘ஜெ மெ லாவ்’, இரவில் படுக்கும்போது ‘ஜெ மெ கூஷ்’. ‘லெவ்’, ‘லாவ்’ இரண்டையும் குழப்பாமல் சொல்லிப் பழகுங்கள்.
2. பேரப்பிள்ளையிடம் ‘து தெ லெவ்’ என்றும் பெரியவரிடம் ‘வு வு லெவே’ என்றும் சொல்லுங்கள். நீ, நீங்கள் வேறுபாடு பிரெஞ்சிலும் உண்டு. அலுவலகத்தில் எப்போதும் ‘வு’ தான்.
3. ‘ஒருவரோடொருவர்’ என்பதற்கும் இதே அமைப்புத்தான். ‘நு நு தெலெஃபோனோன்’ என்றால் ‘நாங்கள் ஒருவருக்கொருவர் தொலைபேசியில் பேசுகிறோம்’. அடுத்த அழைப்பில் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பிழையிருந்தால் அவர்களே திருத்துவார்கள்.
4. ஒரு நாளைக்கு மூன்று வினைகள் போதும். ஒவ்வொன்றையும் சிறு சொல் சேர்த்தும் சேர்க்காமலும் சொல்லி, இரண்டின் பொருளையும் தமிழில் கொப்பியில் எழுதிவையுங்கள்.